ஆள் இருக்கிற வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். "எக்கா, உங்க வூட்ட அளக்கறாங்க" என்றாள்.

எங்கள் தெருவில் எவன் காகிதத்தோடு நின்றாலும் அளக்க வந்தவன் என்றுதான் அர்த்தம். கோட்டையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் புதுச் சுவர் எழுப்பக் கூடாது, மாடி போடக் கூடாது என்று இருக்கிறதல்லவா, அந்தப் பயம். செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு அது இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. போன மாதம் போலியோ சொட்டு மருந்துக்குப் பெயர் எழுத வந்த பெண்ணைக்கூட மெஹராஜ் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்து, எத்தனை மீட்டர் என்று கேட்டாளாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டி மேடைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், மடக்கு ஸ்டூல் போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். முன்னந்தலை வழுக்கை. மடியில் தடித்த நோட்டு. நிமிர்ந்து என் வீட்டைப் பார்ப்பதும் குனிந்து கோடு இழுப்பதுமாக இருந்தான். கையில் டேப்பும் இல்லை, கூட ஆளும் இல்லை. அவனுக்குப் பின்னால் ராஜகிரி மலை அத்தனை பெரிதாக நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வீட்டைப் பார்க்கிறவன் நல்ல எண்ணத்தில் பார்க்க மாட்டான் என்று தோன்றியது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முட்டை கொடுத்த தொண்டை இது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன்.

"யாரக் கேட்டு எங்க வூட்ட வரையறீங்க?"

அவன் சட்டென்று எழுந்து நின்றான். "வணக்கம்மா. என் பேரு எழில். மெட்ராஸ்லேர்ந்து ஒரு குரூப்பா கோட்டையை வரைய வந்தோம். உங்க கேட்டுக்கிட்ட வந்து ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். யாரும் வரல. யாரும் இல்லாத வீடுன்னு நெனச்சுட்டேன்."

நான் உள்ளேதான் இருந்தேன். குழாயில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் அவன் கூப்பிட்டது கேட்டிருக்காது. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. நான் மூச்சு விட்டுக்கொண்டு நடமாடும்போதே என் வீடு யாரும் இல்லாத வீடாகிவிட்டதா? அந்தக் கோபத்தில் குரல் இன்னும் ஏறியது.

"ரோடு பொது. உக்காந்துக்கோ. வூடும் பொதுவா?"

"இல்லம்மா. வேணாம்னா வேணாம்."

அவ்வளவுதான். பேனாவை மூடினான். நோட்டை மூடினான். ஸ்டூலை மடக்க ஆரம்பித்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானோ இன்னும் பத்து கேள்வி அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் பாட்டுக்குப் போய்விட்டால் அதையெல்லாம் நான் யாரிடம் கேட்பது? வீட்டுக்குள் போனால் மறுபடியும் டிவிதான். உண்மையைச் சொன்னால், அவன் போகக் கூடாது என்றிருந்தது எனக்கு.

"போன்னு யாரு சொன்னது?"

"நீங்கதானேம்மா..."

"நான் கேள்வி கேட்டேன். கேட்டா பதில் சொல்லணும். நோட்ட மூடிக்கினு போனா இன்னா அர்த்தம்?"

அவன் திருதிருவென்று முழித்தான். பிறகு ஸ்டூலை மறுபடி விரித்து என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை, தொட்டி மேடையில் சாய்ந்துகொண்டேன். வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த நிமிடமே மூடிவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு முறையாம். ஜன்னலுக்கு உள்ளே தெரிவதை வரைய மாட்டார்களாம். வீட்டு எண், போன் நம்பர், வண்டி நம்பர் எதையும் போட மாட்டார்களாம். ஆள் நின்றால் கேட்காமல் முகம் வரைய மாட்டார்களாம்.

"யாரு போட்ட சட்டம் இது?"

"யாரும் போடலம்மா. அங்கங்க திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "எங்க, காட்டு" என்று கை நீட்டினேன்.

என் வீடுதான். கேட்டில் வளைந்த கம்பி, கீழ் ஜன்னலுக்கு மேல் வெடிப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. கண்ணை மேலே ஏற்றினேன். மாடிக் கதவில் பூட்டு. கைப்பிடிச் சுவரில் தகர போர்டு. போர்டில் நம்பரை எழுதாமல் விட்டிருந்தான், "வீடு வாடகைக்கு" என்பதை மட்டும் போட்டிருந்தான். மாடியில் ஈ காக்கை இல்லை என்பதைப் படம் பட்டவர்த்தனமாகச் சொன்னது.

அந்த மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது என்றுதான் என் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மகன் தேவேந்திரன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் அமையவில்லை. அவன் அப்பா, லைன்மேன் கோவிந்தசாமி, போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். மெஹராஜ் தற்செயலாக வந்து பார்க்கும்வரை எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்தேன். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு ஒரே டென்ஷன். "மாடில குடித்தனம் வந்தா நீ அங்க இரு. இல்லன்னா பொங்கலுக்கு வந்து வூட்ட வித்துட்டு உன்ன இட்டுக்கினு போயிடுவேன்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ஓசூரில் அவன் இருப்பது ஒற்றை அறை. அவன் ஷிப்டுக்குப் போனால் அங்கேயும் நான் தனிதான். தனியாக இருப்பதென்றால் என் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகிறேனே.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றால் குடித்தனம் க்யூவில் நிற்கும். கோட்டைப் பக்கம் யாரும் வரவில்லை. அதனால் தீபாவளி சமயத்தில் நானே ஒரு குடும்பத்தைக் குடிவைத்தேன். புருஷன் அரிசி மில்லில் கணக்குப் பார்க்கிறான். பெண்டாட்டி கலைவாணி, குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிறவள். ஒரு பெண் குழந்தை, பெயர் ரஞ்சனி, ஒன்றாம் வகுப்பு. தேவேந்திரன் ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் அவர்களைப் பற்றி ஏதாவது சொல்வேன். ரஞ்சனிக்கு ஜுரம் வரவைத்து, நானே கஷாயம் போட்டுக் கொடுத்துச் சரியாக்கினேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சண்டைகூட மூட்டிவிட்டுச் சமாதானம் செய்துவைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அவர்கள்மேல் பாசம் வந்துவிட்டது. சில நாள் மத்தியானத்தில் மேலே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இப்போது கொஞ்ச நாளாக அவன் "அவங்க போட்டோ ஒண்ணு அனுப்பும்மா" என்று கேட்க ஆரம்பித்திருந்தான். போன் கேமரா ரிப்பேர் என்று சமாளித்து வந்தேன்.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. போட்டோவில் ஆள் முகம் கேட்பான். படத்தில் கேட்க மாட்டான்.

"தம்பி, இந்த போர்ட எடுத்துடு."

"விட்டுடலாம்மா. வேணாங்கறத விட்டுடலாம்."

"மாடில நாலு துணி காயற மாதிரி போடு."

அவன் தலையை ஆட்டினான். "இல்லாதத போட மாட்டேன்மா."

"படம்தானே?"

"படம்தான். ஆனா உங்க வீடாச்சே. இல்லாதத சேர்த்தா அது வேற யார் வீடோ ஆயிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய அரிச்சந்திரன். "இருந்தா போடுவியா?" என்றேன்.

"இருந்தா போடுவேன்."

"கூட வந்தவங்க எப்ப மலைய விட்டு எறங்குவாங்க?"

"மதியம் ஆயிடும்மா."

"அப்ப டீ குடிச்சிட்டு உக்காந்திரு. இன்னொரு பக்கத்துல மொதல்லேர்ந்து போடு."

அவனுக்கு டீ கொடுத்துவிட்டு மாடிச் சாவியைத் தேடி எடுத்தேன். போர்டைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்தேன். கதவைத் திறந்து விட்டேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே கொடி கட்டினேன். என் புடவைகளைத் தேவேந்திரனுக்குத் தெரியும், அதனால் மெஹராஜிடம் ஒரு நைட்டியும், அவள் பேத்தி சனோபரின் மஞ்சள் கவுன் ஒன்றும் கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"படத்துக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அளக்கறதுக்குக் கவுனு எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

ஆம்பளைத் துணிக்குத்தான் வழியில்லை. மெஹராஜின் புருஷன் வெள்ளை ஜிப்பா தவிர வேறு போட மாட்டார். மில் கணக்கர் ஜிப்பா போடுவாரா? என் பீரோவில் ஆம்பளைச் சட்டை ஒன்றே ஒன்று இருந்தது. நீலச் சட்டை. எடுத்து, தட்டி, கவுனுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டினேன்.

கீழே இறங்கி வந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று என் வீட்டைப் பார்த்தேன். மாடிக் கதவு திறந்திருந்தது. நீலமும் மஞ்சளும் பூப்போட்ட நைட்டியும் காற்றில் ஆடின. இப்போது யார் பார்த்தாலும் யாரும் இல்லாத வீடு என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே ஒருத்தி தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள், ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான், ஒரு குழந்தை ஷூவைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும். எனக்கு அழுகை வந்தது. தூசி விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எழில் புதுப் பக்கத்தில் ஆரம்பித்திருந்தான். கொஞ்ச நேரம் மாடியைப் பார்த்தவன், "ஈரத் துணி கனமா தொங்கும்மா. இது சும்மா பறக்குது" என்றான்.

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

"பறக்கறதும் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வரைந்தான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் அவர்கள் முறையில் ஒன்றோ என்னவோ. கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவன் வரைகிற வரைக்கும் தொட்டி மேடையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நான்தான் பேசினேன். அவன் சின்னப் பெட்டியிலிருந்து வர்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தான். முடிந்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினான். கொடி கட்டும்போது கழற்றிய கண்ணாடியை மாடியிலேயே வைத்துவிட்டேன், ஒரு கண்ணில் புரை வேறு. கலங்கலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் வீடு ஜோராக இருந்தது. என் கேமராதான் ரிப்பேர் ஆச்சே, அதனால் அவன் போனிலேயே படம் பிடித்து, தேவேந்திரன் நம்பருக்கு அனுப்பச் சொன்னேன்.

"நாங்க வரையறத நெட்ல போடுவோம். இத போடலாமாம்மா?"

"வேணாம். எம்பையன் பாத்தா போதும்."

"சரிம்மா." நோட்டைப் பையில் வைத்து, டீ கிளாஸைக் குழாயில் கழுவி என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டைப் பக்கம் நடந்தான். வேப்பமரத்தடி வெறுமையாகிவிட்டது. நான் உள்ளே போய் டிவியைப் போட்டேன்.

ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு தேவேந்திரன் கூப்பிட்டான்.

"படம் பாத்தேன்மா. யாரு வரைஞ்சாங்க?"

"கோட்டைக்கு வந்தவங்க. நம்ம வூடு அழகா இருக்குதுன்னு சொல்லி வரைஞ்சாங்க." பெருமையாகச் சொன்னேன். "மாடிய பாத்தியா? அவங்க துணிதான் காயுது."

"அந்த நீலச் சட்டை யாருது?"

"கலைவாணி வூட்டுக்காரரு சட்டை."

"பாக்கெட்டுல ரோஸ் கலர்ல ஒட்டுப் போட்டிருக்குது" என்றான்.

பாக்கெட்டில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் சொருகிச் சொருகி அவன் அப்பா எல்லாச் சட்டையையும் ஓட்டையாக்கிவிடுவார். இந்தச் சட்டைக்கு என் ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துணியை வைத்து நான்தான் ஒட்டுப் போட்டேன். ஆம்பளைச் சட்டையில் ரோஸா என்று தெருவே கிண்டல் செய்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் கம்பம் ஏறினார். எத்தனையோ வருடமாகப் பார்த்துப் பழகியதில் அந்த ஒட்டு எனக்குக் கண்ணிலேயே படுவதில்லை. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது வெறும் நீலம்தான். அந்தப் பாவி எழில் இருந்ததை இருந்தபடியே போட்டுவிட்டான்.

"அது நைனா சட்டைம்மா."

கத்துவான் என்று காத்திருந்தேன். வீட்டை விற்கிறேன் என்பான், அதற்கு இன்ன பதில், அதற்குமேல் பேசினால் இன்ன பதில் என்று மனசுக்குள் வரிசையாக எடுத்து வைத்தேன். அவன் கத்தவில்லை.

"காரியம் முடிஞ்ச அன்னிக்கு நைனா சட்டை ஒண்ணு எனக்குக் குடுன்னு கேட்டேன். எல்லாத்தையும் குடுத்துட்டேன், ஒண்ணும் இல்லன்னு சொன்ன."

சொன்னேன். மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன், இதை மட்டும் பீரோவில் ஒளித்து வைத்திருந்தேன். இருந்தது ஒன்று. அதை எப்படி இரண்டாக்குவது? அவன் இளவயசுக்காரன், மறந்துவிடுவான், எனக்குத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவனுக்கும் வேண்டியிருந்திருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பொய் சொல்லிட்டேன்டா" என்றேன்.

"எத சொல்ற?"

"ரெண்டையும். சட்டையும். மாடியும்."

அவன் அறையில் பேன் கடகடவென்று ஓடுவது போனில் கேட்டது.

"மாடில யாரும் இல்லியா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு? ரஞ்சனி?"

"இல்லடா."

"அதுக்குக் கலர் பென்சில் வாங்கி வெச்சிருக்கேன்மா. பொங்கலுக்கு வரும்போது குடுக்கலாம்னு."

அவனைச் சமாளிக்கத்தான் அந்தக் குழந்தையை உண்டாக்கினேன். அவன் அங்கே ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு அதற்காகக் கடை ஏறியிருக்கிறான். எனக்காவது காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ள ஒரு மாடி இருந்தது. அவன் அதுவும் இல்லாமல் என் வாய் வழியாக வந்த குழந்தைமேல் பிரியம் வைத்திருக்கிறான். நான் அழுதேன். மறைக்கவில்லை.

"அழாதம்மா."

"மெஹராஜ் பேத்தி இருக்குது. சனோபர்னு பேரு. அந்தக் கவுனு அதோடதுதான். அதுக்குக் குடு."

"அது நெஜமா இருக்குதா?"

"இருக்குதுடா. ரொம்ப வாயாடி."

அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். கேட்டுவிடலாம் என்று துணிந்தேன். "சட்டைய நீ எடுத்துக்கோ தேவா. வூட்ட மட்டும் எனக்கு வுட்டுடு."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"சட்டைய இன்னும் உள்ள எடுக்கலியா? அங்க பனி எறங்கியிருக்குமே."

"எடுக்கல."

"போயி எடும்மா. படிய பாத்து ஏறு. லைட்டப் போட்டுக்கோ. மேல போயிட்டு எறங்கி வர்ற வரைக்கும் நான் லைன்ல இருக்கேன்."

போனை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு படி ஏறினேன். நைட்டியையும் கவுனையும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன், மெஹராஜிடம் கொடுக்க வேண்டும். சட்டையைத் தொட்டதும் சில்லென்றிருந்தது. காலையில் காய்ந்த துணியாகப் பறந்தது, இப்போது பனியில் நனைந்து கனத்துத் தொங்கியது. நாளைக்கு வெயில் வந்ததும் நிஜமாகவே காயப் போட வேண்டும். கீழே, என் கொடியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

"எடுத்துட்டியா?" என்றான்.

"எடுத்துட்டேன்."